எச்சமும் குற்றமும்

ஒரு மனிதனைத் தண்டிக்கும்போது சட்டம் அவன் செய்த செயலைத் தண்டிக்கிறதா, அல்லது அவன் உடலில் தங்கியிருக்கும் ஒரு பொருளைத் தண்டிக்கிறதா? கேட்ட மாத்திரத்திலேயே, "செயலைத்தான்" என்று எவரும் விடை பகர்ந்துவிடுவர். நாகரிக உலகின் நீதிமன்றங்கள் யாவும் அந்த விடையின் மீதே எழுப்பப்பட்டவை என்று நாம் நம்பி வந்திருக்கிறோம். ஆயின், ஆஸ்திரேலிய நாட்டுச் சாலைகளில் சில ஆண்டுகளாக நடந்துவரும் ஒன்று, அந்த நம்பிக்கையை மீண்டும் ஒருமுறை உரசிப் பார்க்குமாறு நம்மை அழைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகவே கொள்வோம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உட்பகுதியில் ஒரு சிற்றூர். அங்கே ஐம்பது வயதை எட்டிய ஓர் ஆசிரியை. முதுகெலும்பில் நோய், இரவெல்லாம் வலி, உறக்கம் என்பதே அரிது. மருத்துவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருந்துகளைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, இறுதியில் சட்டம் அனுமதித்த முறைப்படி, கஞ்சாவிலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெய் மருந்தை எழுதித் தருகிறார். இரவு ஒன்பது மணிக்குச் சில சொட்டுகளை நாவின் அடியில் விட்டுக்கொண்டு அவர் உறங்கப் போகிறார். காலையில் தெளிவோடு எழுந்து, நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்குத் தமது காரில் புறப்படுகிறார். வழியில் காவலர் நிறுத்துகின்றனர். உமிழ்நீரைச் சோதிக்கின்றனர். அதில் கஞ்சாவின் கூறு இருப்பது தெரிகிறது.

வண்டி தடுமாறவில்லை. பேச்சு குழறவில்லை. எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆசிரியை தம் கைப்பையிலிருந்து மருத்துவரின் சீட்டை எடுத்துக் காட்டுகிறார். காவலர் அதை மரியாதையோடு வாசித்துவிட்டுத் திருப்பித் தருகிறார். ஏனெனில் அவர் கையிலுள்ள சட்டத்தில் அந்தச் சீட்டுக்கு இடமே வைக்கப்படவில்லை. அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்துக்கு வண்டியைத் தொடலாகாது. ஆய்வுக்கூடம் உறுதி செய்ததும் அபராதமும், மாதக்கணக்கில் உரிமப் பறிப்பும் வந்து சேரும். பேருந்து வாராத அவ்வூரிலிருந்து அவர் பள்ளிக்குச் செல்வது எங்ஙனம் என்பது சட்டத்தின் கவலை அன்று.

இந்த ஆசிரியை கற்பனை. அவருடைய நிலையோ கற்பனை அன்று. இவரைப் போன்றோரை முன்னிறுத்தித்தான், மருத்துவக் கஞ்சா உட்கொள்வோருக்கான வாகனச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்னும் குரல் அந்நாட்டில் எழுந்தது. அக்குரலில் நியாயம் உண்டா? உண்டெனில் எவ்வளவு? அந்த நியாயத்துக்கு எல்லை எது? இவற்றையே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இரு சட்டங்கள்

எந்த அநீதியும் வானத்திலிருந்து விழுவதில்லை. பெரும்பாலும் அது ஒரு நல்ல நோக்கத்திலிருந்தே முளைக்கிறது. இங்கும் அப்படியே.

மது அருந்திவிட்டு வண்டி ஓட்டியோரால் சாலைகளில் சிந்திய குருதிக்கு அளவில்லை. அதைத் தடுக்க, விக்டோரியா மாநிலம் 1976ஆம் ஆண்டில், எந்த ஓட்டுநரையும் எவ்வித ஐயமுமின்றியே நிறுத்தி மூச்சைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1982 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸும் அவ்வழியே சென்றது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.05 கிராம் மதுச்சாரம் என்பது நாட்டின் பொது எல்லையாக அமைந்தது. இதனால் எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன என்பதை மறுப்பார் இலர்.

இந்த எண்ணுக்கு ஓர் அறம் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். மதுச்சாரம் நீரில் கரைவது. உடலெங்கும் ஒரே சீராகப் பரவுவது. மணிக்கு மணி ஏறத்தாழ ஒரே வீதத்தில் குறைவது. இரத்தத்தில் அதன் அளவு ஏற ஏற, அறிவின் தடுமாற்றமும் கையின் நடுக்கமும் ஏறுகின்றன. ஆகவே அங்கே எண்ணைத் தண்டிப்பதும் தடுமாற்றத்தைத் தண்டிப்பதும் ஏறக்குறைய ஒன்றே. எண், செயலின் நிழலாக நிற்கிறது.

2004 டிசம்பரில் விக்டோரியா மற்றோர் அடி எடுத்து வைத்தது. சாலையோரத்தில் உமிழ்நீரைச் சோதித்துக் கஞ்சா முதலிய போதைப் பொருள்களைக் கண்டறியும் முறையை உலகிலேயே முதன்முதலாக அது தொடங்கியது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அக்காலத்தில் கஞ்சா என்பது முற்றிலும் விலக்கப்பட்ட பொருள். அதை வைத்திருப்பதே குற்றம் என்னும்போது, அது எவ்வளவு இருந்தது, ஓட்டுநரைத் தடுமாறச் செய்ததா என்றெல்லாம் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. எனவே எல்லை எதுவும் வகுக்கப்படவில்லை. இருந்தால் குற்றம்; இல்லையேல் விடுதலை. இவ்வளவே சட்டம்.

பின்னர் 2016ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம், மருத்துவத்துக்காகக் கஞ்சாவைப் பயிரிட உரிமம் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆண்டின் இறுதிக்குள் அது மருத்துவர் எழுதித் தரத்தக்க மருந்தாக வகைப்படுத்தப்பட்டது. ஆறாத வலி, புற்றுநோய்ச் சிகிச்சையால் எழும் குமட்டல், வலிப்பு, தசை இறுக்கம் எனப் பல துன்பங்களுக்கு மருத்துவர்கள் அதைத் தரலாயினர். இலட்சக்கணக்கானோர் அதன் பயனாளிகள் ஆயினர்.

ஆக, ஒரே அரசின் ஒரு கை மருந்தை நீட்டியது. மறு கை அம்மருந்தை உண்டவரைப் பிடித்தது. வலக்கை தருவது இடக்கைக்குத் தெரியாமல் இருப்பது தருமத்துக்கு அழகு; சட்டத்துக்கு அது அழகாகாது.

எண்ணெயும் நீரும்

மதுவுக்குப் பொருந்தும் அளவுகோல் கஞ்சாவுக்கு ஏன் பொருந்தாது? இதற்கு விடை அறிவியலில் இருக்கிறது.

கஞ்சாவில் மயக்கம் தரும் கூறு டி.எச்.சி. எனச் சுருக்கமாக வழங்கும் டெட்ராஹைட்ரோகன்னாபினால். 1964ஆம் ஆண்டில் மெக்கூலம், காவோனி என்னும் இரு விஞ்ஞானிகள் இதனைத் தூய வடிவில் பிரித்தெடுத்து அதன் அமைப்பை விளக்கினர். இது கொழுப்பில் கரைவது. உட்கொண்டதும் இரத்தத்தில் விரைந்து ஏறி, விரைந்து இறங்கி, உடற்கொழுப்பில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. அங்கிருந்து சிறிது சிறிதாகப் பல நாட்கள் கசிந்துகொண்டே இருக்கும். நாள்தோறும் உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில், மயக்கம் தீர்ந்து நெடுநேரம் சென்ற பின்னரும் இதன் எச்சம் தங்கியிருப்பது இயல்பு. மறுபுறம், மயக்கம் உச்சத்தில் இருக்கும் வேளையிலேயே இரத்தத்தின் அளவு இறங்கத் தொடங்கிவிடுவதும் உண்டு. உமிழ்நீரிலோ, வாயில் ஒட்டிக்கொண்ட மருந்தே அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். எனவே இங்கே எண் செயலின் நிழலாக நிற்பதில்லை. நிழல் ஒரு பக்கமும் மனிதன் ஒரு பக்கமுமாகப் பிரிந்து போகின்றனர்.

அதே செடியில் சி.பி.டி. என்னும் மற்றொரு கூறும் உண்டு. அது மயக்கம் தருவதில்லை. சாலையோரச் சோதனை அதைத் தேடுவதுமில்லை. ஆகவே சிக்கல் முழுவதும் டி.எச்.சி. அடங்கிய மருந்துகளைப் பற்றியதே.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகமும் சிட்னிப் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய ஓர் ஆய்வு 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 26 பேர் கஞ்சா ஆவியை உள்ளிழுத்த பின், பயிற்சியாளர் உடனிருக்க, உண்மையான நெடுஞ்சாலையில் கார் ஓட்டினர். வண்டி தன் பாதையில் எவ்வளவு அலைகிறது என்பது அளக்கப்பட்டது. டி.எச்.சி. உட்கொண்டோரின் வண்டி, 40 நிமிடங்களுக்குப் பின் தொடங்கிய ஓட்டத்தில், 0.05 அளவு மது அருந்தியவரின் வண்டியைப் போல் அலைந்தது. நான்கு மணி நேரத்துக்குப் பின் ஓட்டியபோது, ஒன்றும் உட்கொள்ளாத நிலைக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சி.பி.டி. மட்டும் உட்கொண்டபோது அலைவே இல்லை. மறு ஆண்டு, சிட்னி ஆய்வாளர்கள் இத்துறையின் பல ஆய்வுகளையும் ஒருங்கே திரட்டிப் பார்த்து, அளவையும் உட்கொண்ட வழியையும் பொறுத்துத் தடுமாற்றம் சுமார் 3 மணி முதல் 10 மணி நேரம் வரை நீடிக்கக்கூடும் என்று கணித்தனர். உள்ளிழுத்தால் விரைவில் தீரும். வாய்வழி உண்டால் நெடுநேரம் நிற்கும்.

இவ்வாய்வுகள் இரு தரப்புக்கும் பாடம் சொல்கின்றன. கஞ்சா மருந்து ஓட்டுநரைத் தடுமாறச் செய்யும் என்பது உண்மை. அத்தடுமாற்றத்துக்கு ஒரு முடிவு உண்டு என்பதும் உண்மை. முதலாவதை மறுப்பவர் சாலையில் செல்லும் பிள்ளைகளுக்குப் பகைவர். இரண்டாவதை மறுப்பவர் நோயாளிக்குப் பகைவர்.

எதிர்ப்பின் வலிமை

சட்டம் இருந்தபடியே இருக்கட்டும் என்போரின் வாதத்தை எளிதாக எண்ணிவிடலாகாது. அவர்கள் கூறுவது இது: "வாகனம் ஓட்டுவது பிறப்புரிமை அன்று, சலுகை. ஒரு டன்னுக்கு மேற்பட்ட இரும்பை மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தும் ஒருவர், பிறர் உயிரைத் தம் கையில் ஏந்திச் செல்கிறார். தடுமாற்றத்தைச் சாலையோரத்தில் அளக்கும் கருவி எம்மிடம் இல்லை. எச்சத்தைக் கண்டறியும் கருவியே உண்டு. ஐயம் எழும்போது உயிரின் பக்கமே சாய வேண்டும். மேலும், ஒவ்வொரு விதிவிலக்கும் வேலியில் ஓர் ஓட்டை. சில மருத்துவர்கள் தொலைபேசியில் இரண்டொரு வார்த்தை கேட்டுவிட்டே சீட்டு எழுதித் தருகின்றனர். அந்தச் சீட்டு, போதைக்காக உண்பவருக்குக் கேடயமாகிவிடாதா?"

இதில் ஒரு சொல்லையும் தள்ளிவிட இயலாது. மயங்கியவனே தன் மயக்கத்தை அளக்க முடியாது என்பது எல்லாப் போதைக்கும் பொது விதி. "எனக்கு ஒன்றும் இல்லை" என்பதே தடுமாறுபவன் முதலில் சொல்லும் சொல். ஒருவருடைய வலி எவ்வளவு பெரிதாயினும், அதன் விலையை எதிரே வரும் அறியாத வழிப்போக்கன் கொடுக்க வேண்டும் என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

ஆயினும் இவ்வாதம் எதை நிறுவுகிறது என்று கூர்ந்து நோக்க வேண்டும். மயங்கிய நிலையில் ஓட்டலாகாது என்பதையே அது நிறுவுகிறது. எச்சத்தோடு ஓட்டலாகாது என்பதை அது நிறுவவில்லை. கருவி இல்லாமை அரசின் குறை. அக்குறைக்கு உரிய தண்டனையை நோயாளி சுமக்க வேண்டும் என்பதற்குக் காரணம் எதுவும் காட்டப்படவில்லை.

ஒப்புநோக்க மற்றொன்று உண்டு. உறக்கத்துக்கும் மனப்பதற்றத்துக்கும் தரப்படும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகளும், அபின் வழிவந்த வலிநீக்கிகளும் ஓட்டுநரைத் தடுமாறச் செய்பவையே. விபத்து நேரும் வாய்ப்பைக் கஞ்சா கூட்டும் அளவுக்கோ அதற்கு மேலோ இவை கூட்டும் என்றே ஆய்வுகள் பலவும் கூறுகின்றன. ஆனால் ஆஸ்திரேலியச் சாலையோர உமிழ்நீர்ச் சோதனை இவற்றைத் தேடுவதில்லை. இவற்றை உண்டவரிடம் சட்டம், "மயக்கமாக இருந்தால் ஓட்டாதீர்" என்று புட்டியின் மேல் ஒரு சீட்டை ஒட்டி, மற்றதை அவருடைய பொறுப்புணர்வுக்கு விட்டுவிடுகிறது. தடுமாறி ஓட்டினால் மட்டுமே பிடிக்கிறது. ஒரே வலி, ஒரே மருத்துவர், ஒரே அளவு ஆபத்து. அபினின் குழந்தையை உண்டவர் குடிமகனாக மதிக்கப்படுகிறார். கஞ்சாவின் சொட்டை உண்டவர் குற்றவாளி ஆகிறார். ஒத்தவற்றை ஒத்தவாறு நடத்துவதே நீதியின் முதற்பாடம். அப்பாடம் இங்கே தவறிப்போகிறது.

இதனால் விளையும் தீங்கு ஏட்டளவில் நிற்பதன்று. காரின்றி வாழ இயலாத சிற்றூர் நோயாளி ஒருவர், உரிமம் போகுமே என்று அஞ்சி, தமக்கு இசைந்த மருந்தை விட்டு, அடிமைப்படுத்தும் தன்மை மிகுந்த அபின்சார் மருந்துக்குத் திரும்புவாரானால், சாலை சிறிதேனும் பாதுகாப்பு அடைந்ததா? இல்லை. ஆபத்து அப்படியே இருக்க, அது சோதனைக்குத் தப்பும் ஆபத்தாக மாறியதே மிச்சம்.

இன்னுமொன்று. தண்டனையின் நோக்கம் அச்சமூட்டித் தடுப்பது எனில், அது மனிதனுக்குச் சரியான வழியைக் காட்ட வேண்டும். மருந்துண்டு ஒரு மணி நேரத்தில் வண்டியை எடுப்பவரும், பன்னிரண்டு மணி நேரம் பொறுத்திருந்து எடுப்பவரும் ஒரே சோதனையில் ஒரே முடிவைப் பெறக்கூடும் என்றால், பொறுத்திருந்தவருக்குக் கிட்டிய பயன் யாது? காத்திருக்கச் சொல்ல வேண்டிய சட்டம், காத்திருப்பது வீண் என்றல்லவா கற்பிக்கிறது! கீழ்ப்படிய வழியில்லாத கட்டளை மக்களை ஒழுங்குபடுத்துவதில்லை, ஒளிந்துகொள்ளவே பழக்குகிறது.

ஒரு நீதிபதியின் சங்கடம்

நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியில் லிஸ்மோர் என்னும் நகரம் உண்டு. அங்கு நீதிபதியாக இருந்த டேவிட் ஹைல்பர்ன் முன்னிலையில் 2016இல் ஒரு வழக்கு வந்தது. வழக்கில் நின்றவர் மருத்துவச் சீட்டு உடையவர் அல்லர். முன்னொரு முறை பிடிபட்டபோது, ஒரு வாரம் கழித்து ஓட்டினால் போதும் என்று ஒரு காவலரே அவரிடம் கூறியிருந்தார். அதை நம்பி ஒன்பது நாட்கள் பொறுத்திருந்து அவர் வண்டியை எடுத்தார். சோதனை அவரை மீண்டும் பிடித்தது. நேர்மையான, நியாயமான தவறான நம்பிக்கையின் பேரில் நடந்துகொண்டார் என்று ஏற்று, நீதிபதி அவரை விடுவித்தார்.

விடுவிக்க இவ்வழக்கில் ஒரு சிறு வழி கிடைத்தது. அவ்வழி கிடைக்காத வழக்குகளே மிகுதி. தடுமாற்றத்தின் அடையாளம் ஏதுமற்றவர்களை நாள்தோறும் தண்டித்து, அவர்கள் வேலையையும் வீட்டையும் இழப்பதைக் கண்டு மனம் நொந்த அவர், 2020இல் நீதிபதிப் பதவியிலிருந்து விலகினார். இச்சட்டத்தை இனியும் செயற்படுத்த மனம் ஒப்பாமை அதற்கு ஒரு காரணம் என்று பின்னர் வெளிப்படையாகவே கூறிச் சட்டத் திருத்தத்துக்காகப் பேசலானார்.

நீதிபதி ஒருவர் சட்டத்தை வெறுத்துப் பதவி துறப்பதாலேயே அச்சட்டம் தவறு என்று ஆகிவிடாது. ஆனால் சட்டத்தைக் கையில் ஏந்துபவருக்கே அது கூசுகிறதெனில், அதைத் திரும்பப் பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று கொள்ளலாம். பொதுவாக விதிக்கப்படும் சட்டம் எல்லா நிலைமைகளையும் முன்னறிய இயலாது; அது தவறும் இடத்தில், சட்டமியற்றியவரே அங்கிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதைச் சொல்லித் திருத்துவதே நேர்மை என்று அரிஸ்டாட்டில் கருதினார். அத்திருத்தத்துக்கு இடமே தராமல் நீதிபதியின் கையைக் கட்டிவிடும்போது, நீதிமன்றம் வெறும் கணக்குப் பலகை ஆகிவிடுகிறது.

பழைய விவாதம் ஒன்று

எச்சத்தைக் கொண்டு குற்றத்தை முடிவு செய்யலாமா என்பது இன்று பிறந்த கேள்வி அன்று. இஸ்லாமியச் சட்ட மேதைகள் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இதை வேறொரு வடிவில் அலசியிருக்கின்றனர். ஒருவன் வாயில் மதுவின் வாடை வீசுகிறது, அவன் குடித்ததைக் கண்ட சாட்சி இல்லை, அவனும் ஒப்புக்கொள்ளவில்லை. வாடை ஒன்றைக் கொண்டே அவனுக்கு உரிய தண்டனையை விதிக்கலாமா?

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் வழியினர் விதிக்கலாம் என்றனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோரின் வழியினர் வாடை மட்டும் போதாது என்றனர். அவன் வற்புறுத்தப்பட்டுக் குடித்திருக்கலாம். வேறு பானம் என்று மயங்கிக் குடித்திருக்கலாம். வாய் கொப்பளித்துத் துப்பியும் இருக்கலாம். ஐயம் உள்ள இடத்தில் தண்டனையை விலக்குக என்பது அவர்கள் கைக்கொண்ட விதி. மதுவை அணுவளவும் பொறுக்காத மார்க்கத்தைச் சேர்ந்தவர்களே தடயத்துக்கும் குற்றத்துக்கும் இடையே இவ்வளவு கவனமாகக் கோடு கிழித்தனர் என்பது எண்ணத்தக்கது.

அவ்விவாதத்தில் குடிப்பது தன்னளவிலேயே குற்றம். வாடை அதற்குச் சான்றாகுமா என்பது மட்டுமே கேள்வி. இங்கோ மருந்துண்பதைச் சட்டமே அனுமதித்திருக்கிறது. அனுமதிக்கப்பட்ட செயலின் வாடை மட்டும் தண்டிக்கப்படுகிறது. வாடை போதும் என்று சொன்ன மாலிக்கி அறிஞர்கூட இதைக் கண்டால் திகைத்திருப்பார்.

கஞ்சாவைப் பற்றியும் அம்மேதைகள் மௌனமாக இருக்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அஸ்ஸர்கஷீ, ஹஷீஷ் விலக்கப்பட்டதென நிறுவத் தனி நூலே எழுதினார். ஆயினும், உறுப்பை அறுக்கும் சிகிச்சையின்போது வலி தெரியாமலிருக்க மயக்கம் தரும் மூலிகையை நோயாளிக்குக் கொடுக்கலாம் என்று சட்ட அறிஞர் பலர் இசைந்தனர். போதைக்காக உண்பதையும் பிணிக்காக உண்பதையும் அவர்கள் ஒன்றாக வைக்கவில்லை. பொருள் ஒன்றே ஆயினும், நோக்கமும் நிலையும் வேறானால் தீர்ப்பும் வேறாகும் என்பதே அதன் கருத்து.

பிற நாடுகள் கண்ட வழி

இச்சிக்கலைத் தீர்க்க இயலாது என்று சொல்ல இடமில்லை. ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே தாஸ்மேனியா மாநிலம், முறைப்படி எழுதித் தரப்பட்டு முறைப்படி உட்கொள்ளப்பட்ட மருந்தின் எச்சத்தைக் குற்றமாகக் கொள்வதில்லை. தடுமாறி ஓட்டினால் மட்டும் அங்கும் குற்றமே.

பிரிட்டனில் 2015 மார்ச் 2 முதல் ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 2 மைக்ரோகிராம் டி.எச்.சி. என்ற மிகச் சிறிய எல்லை நடைமுறைக்கு வந்தது. ஆனால், மருத்துவர் எழுதித் தந்ததை அவர் சொன்னபடியே உட்கொண்டவர் அதைக் காட்டித் தம்மைக் காத்துக்கொள்ளலாம். மருத்துவர் சொன்னதை மீறினால் அந்தக் காப்பு போய்விடும். தடுமாறி ஓட்டினாலோ எந்தச் சீட்டும் காக்காது. ஜெர்மனி 2024இல் இரத்தநீரின் எல்லையை மில்லிலிட்டருக்கு 3.5 நானோகிராமாக வகுத்தபோதும், குறிப்பிட்ட நோய்க்கு மருத்துவர் கூறியவாறு மருந்துண்போரை அதிலிருந்து விலக்கியே வைத்தது. நம் இந்திய நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம்கூட, மதுவுக்கு ஓர் எண்ணை வகுத்துவிட்டு, மற்றப் போதைப் பொருள்களைப் பொறுத்தவரை வண்டியைச் சரிவர அடக்கி ஓட்ட இயலாத நிலையையே குற்றமாகக் கூறுகிறது.

விக்டோரியாவிலும் மாற்றம் வந்தது. எச்சச் சோதனையை உலகுக்கு அறிமுகப்படுத்திய அம்மாநிலமே, பல ஆண்டு விவாதத்துக்குப் பின், 2025 மார்ச் 1 முதல், உரிய சீட்டுடைய நோயாளி தடுமாற்றமின்றி ஓட்டியிருப்பின் அவருடைய உரிமத்தைப் பறிப்பதா வேண்டாவா என்று தீர்மானிக்கும் உரிமையை நீதிபதிக்கு அளித்தது. குற்றம் குற்றமாகவே நிற்கிறது. தண்டனையில் மட்டும் மனிதர் ஒருவரின் பகுத்தறிவுக்கு இடம் கிடைத்தது. பாதி வழி என்றே இதைச் சொல்ல வேண்டும். நோயாளி நீதிமன்றப் படியேறித் தம் நோயை விவரித்து இரக்கம் கோர வேண்டியவராகவே இருக்கிறார். ஆயினும் கட்டிய கையை அவிழ்த்தது ஒரு நல்ல தொடக்கம். அடைக்கப்பட்ட தனிப் பாதையில் நோயாளிகளை ஓட்டச் செய்து ஆராயும் முயற்சியையும் அம்மாநிலம் மேற்கொண்டது. தண்டித்த பின்னராவது அறிய முற்படுவது, அறியாமலே தண்டித்துக்கொண்டிருப்பதினும் மேல்.

பொறுப்பின் பங்கீடு

அங்ஙனமாயின் நேரிய சட்டம் எவ்வாறு இருக்கும்? நோயாளிக்கு உரிமையை மட்டும் வழங்கிக் கடமையைச் சொல்லாத சட்டமும் நேரியதாகாது.

சீட்டு, ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டு அன்று. மருந்தைத் தொடங்கும் முதல் வாரங்களிலும், அளவைக் கூட்டும்போதும் வண்டியைத் தொடாதிருத்தல் நோயாளியின் கடமை. எத்தனை மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்பதை வழிக்கேற்பவும் அளவுக்கேற்பவும் எழுத்தில் தருவது மருத்துவரின் கடமை. ஒரு துளி மதுவும் இம்மருந்தோடு சேரலாகாது. இரண்டும் கூடினால் தீங்கு பெருகும் என்பதை உணர்ந்தே, கனடா தன் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டுக்கும் சேர்த்துத் தனி எல்லை வகுத்தது. பேருந்தும் பார வண்டியும் ஓட்டுவோருக்குக் கடுமையான விதி இருப்பதும் நியாயமே. இவற்றை மீறித் தடுமாறி ஓட்டுபவரை, சீட்டுடையவர் என்பதற்காகச் சிறிதும் தளர்த்தாமல் தண்டிக்க வேண்டும்.

காவலரின் பணி இதனால் கடினமாகும் என்பதை மறைப்பதற்கில்லை. தடுமாற்றத்தைக் கண்டறியப் பயிற்சி வேண்டும். நேர்க்கோட்டில் நடந்து காட்டச் சொன்னால், முதுகெலும்பு நோயாளி மருந்தின்றியே தள்ளாடுவார்; நோயையும் மயக்கத்தையும் பிரித்தறியும் முறை வேண்டும். அதுவரை தவறுகள் நேரவே செய்யும். ஆனால் இப்போது நேர்வதும் தவறுதானே! இன்றைய முறையில் தவறு முழுவதும் நோயாளியின் தலையில் விழுகிறது. புதிய முறையில் அதைக் குறைக்கும் பொறுப்பு அரசு, மருத்துவர், காவலர், நோயாளி ஆகிய நால்வருக்கும் பங்கிடப்படும். பொறுப்பைப் பங்கிடுவதுதானே சமுதாயம் என்பதன் பொருள்?

வலியோடு உறங்காத இரவு கழித்து, எந்த மருந்தும் உண்ணாமல், கண் எரியக் காலையில் வண்டி எடுக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். எந்தச் சோதனையும் அவரைப் பிடிக்காது. உமிழ்நீர் தூய்மையாக இருக்கும். அவரினும், உறங்கி எழுந்து தெளிந்த கண்ணோடு வரும் நம் ஆசிரியை சாலைக்குத் தீங்கானவரா?

இவ்விருவரையும் நிறுத்திப் பார்க்கும் சட்டம், உமிழ்நீரோடு நின்றுவிடாமல் கண்களையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை, சாலையோரத்தில் நீட்டப்பட்ட மருத்துவச் சீட்டு வாசிக்கப்பட்டுத் திருப்பித் தரப்பட்டுக்கொண்டே இருக்கும்; அதற்கு விடை சொல்ல வேண்டிய கடன் சட்டமியற்றுவோரின் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.